கெய்லினை அலறவைக்க ஓர் இசை

எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை வருடம் முழுக்கத் தீயை அணைக்கும். அக்டோபர் கடைசி வாரம் மட்டும், டிக்கெட் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பேய்வீடு நடத்தும். இரண்டில் எதில் எங்களுக்குக் கைராசி அதிகம் என்று கேட்டால், தீ என்றுதான் சொல்வேன்.

சென்ற வருடம் கெய்லின் ஸ்டூபாக் என்ற பதினொரு வயதுப் பெண் உள்ளே போனாள். ரம்பம் பிடித்த பைத்தியக்காரன், ரத்தம் சொட்டும் கசாப்புக் கடை, சவப்பெட்டியிலிருந்து எழுந்து உட்காரும் நான், எல்லாவற்றையும் பாப்கார்ன் கொறித்தபடியே கடந்து வெளியே வந்து, "ரொம்ப க்யூட்டா இருந்துச்சு" என்றாள்.

எங்கள் தலைவர் ரெஜிஸ் ஹ்ராபோவ்ஸ்கி எரிகிற கூரையிலிருந்து இரண்டு முறை விழுந்தவர். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். இந்த 'க்யூட்' அவரைச் சாய்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அவர் கட்டிக் காக்கும் பேய்வீடு அது. படையின் மகளிர் அணியோ அந்த வாரத்துக்கு எங்கள் மண்டபத்தைத் தரச்சொல்லிக் காத்திருந்தது, வாசனை மெழுகுவர்த்திச் சந்தை போட.

"இந்த வருஷம் அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை கத்தணும். கத்தலேன்னா கடையை மூடிடறேன். மெழுகுவத்தியே வித்துக்குங்க," என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

பழி இசையின்மேல் விழுந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். அதில் காற்று, ஆந்தை, சங்கிலி, கடைசியில் ஒரு சூனியக்காரியின் சிரிப்பு. இத்தனை வருடத்தில் நாடா இழுபட்டு, சூனியக்காரிக்கு விக்கல் எடுப்பதுபோல ஆகியிருந்தது.

"சாவு வீட்டு ஆர்கன் போடலாமே," என்றான் வால்ட். ரம்பக்காரன் இவன்தான். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். ஆகவே முகமூடிக்குப் பின்னால் யார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கேக்கறதுதானே அது? பயப்பட மாட்டாங்க கண்ணு, தூங்கிடுவாங்க," என்றார் டோலோரஸ்.

டோலோரஸ் புலாஸ்கி முப்பது வருடமாக எங்கள் மண்டபத்தில் வியாழன்தோறும் பிங்கோ ஆட்டத்துக்குக் கூண்டை உருட்டி, விழும் பந்தின் எழுத்தையும் எண்ணையும் வாசிப்பவர். முதல் பரிசை அறிவித்தாலும் கழிவறை அடைத்துக்கொண்டதை அறிவித்தாலும் அவருக்கு ஒரே சுருதிதான்.

"என்னைக் கேட்டா, விளக்கை அணைச்சாலே போதும்," என்றார். யாரும் கேட்கவில்லை.

ரெஜிஸின் மைத்துனர் டாக்டர் விட்லாக்கை அழைத்துவந்தார். பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவர்; கழுத்தில் சால்வை. "நான் பின்னணி இசை தருவதில்லை, ஒலிச்சூழல் தருகிறேன்," என்று தொடங்கி, தட்டிலிருந்த பியரோகிக் கொழுக்கட்டை ஆறி விறைக்கும்வரை பேசினார்.

"அது பயமுறுத்துமா டாக்டர்?" என்றார் ரெஜிஸ்.

"பயம் மலிவான உணர்ச்சி, மிஸ்டர் ஹ்ராபோவ்ஸ்கி. நாம் தேடுவது ஆதி நடுக்கம்."

"ஆதி நடுக்கம் வந்தா கத்துவாங்களா?"

"கத்துவதற்கும் அப்பால் போய்விடுவார்கள்."

"அப்பால எல்லாம் வேணாம். கத்தினா போதும்."

ஒரு வாரம் காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மடியில் ஒலிப்பதிவுக் கருவியோடு, "இந்தக் கட்டடம் பேசுவதைக் கேட்கிறேன்" என்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை யாருடைய புகைபோக்கியோ பற்றிக்கொண்டது. எல்லோர் இடுப்பிலும் தீ அழைப்புக்கான பேஜர் அலறியது: தாழ்வாக ஒரு நீண்ட சுரம், உயர்வாக இன்னொன்று. அந்த இரண்டு சுரம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு யோசனை கிடையாது, கால்தான். ரெஜிஸ் சொந்த மகளின் திருமணத்தில், அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் பாதி வழியில், அப்படி ஓடியவர். அன்றும் சாண்ட்விச்சுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். விட்லாக் மட்டும் கண்ணை மூடி, ஐஸ்கிரீம் சாப்பிடுபவர்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் போனபின் வண்டியேறாத நான் மிச்சமிருந்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு அதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, புரியவில்லை.

"ஒரு ஒத்திகை வெச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நடுக்கத்துக்கு ஒத்திகை கிடையாது," என்றார்.

திறப்பு நாள் வந்தது. டோலோரஸ் வாசலில், பிங்கோவில் போலவே ஒன்றிலிருந்து எழுபத்தைந்துவரை எண் போட்ட டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். முதல் கூட்டத்திலேயே கெய்லின், கையில் பாப்கார்னோடு. நான் சவப்பெட்டியில் படுத்துக்கொண்டேன். ரெஜிஸ் கோரைப்பல்லும் கறுப்பு அங்கியும் மாட்டிய இரத்தக்காட்டேரியாகத் திரைக்குப் பின்னால் நின்றார்.

ஒலிச்சூழல் தொடங்கியது. ஆறு நிமிடம் குளிர்சாதனப் பெட்டி யோசிப்பதுபோல ஏதோ முனகியது. "கரண்டு பிரச்சினை போல," என்றது ஒரு பிள்ளை.

ஏழாவது நிமிடம், நான்கு ஒலிபெருக்கிகளிலும், தாழ்வாக ஒரு நீண்ட சுரம். உயர்வாக இன்னொன்று.

ரம்பம் தரையில் விழுந்தது. கசாப்புக்காரன் காணாமல் போனான். ஒரு ஓநாய், இரண்டு பிணம், தலையில்லாத மணப்பெண், எல்லோரும் பிள்ளைகளை இடித்துக்கொண்டு வண்டிக்கொட்டகைக்குப் பாய்ந்தார்கள். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று இரத்தக்காட்டேரி ஒரு குழந்தையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓடியது. சைரன் ஒலியோடு வண்டி போயே போய்விட்டது.

பேய்வீட்டில் மிஞ்சிய ஒரே பேய் நான். கடமை தவறக்கூடாதென்று எழுந்து உட்கார்ந்து உறுமினேன்.

"முதுகு வலிக்கப்போவுது மிஸ்டர் லென்னி, படுங்க," என்றாள் கெய்லின்.

அப்போது டோலோரஸ் மின்பெட்டியைத் திறந்து ஒலிச்சூழலைப் பிடுங்கி எறிந்தார். அதே ஸ்விட்சில் விளக்குகளும் போயின. கும்மிருட்டு. ஆட்கள் திரும்பும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வியாழக்கிழமை மைக் பேட்டரியில் ஓடுவது; பிங்கோக் கூண்டு பக்கத்திலேயே இருந்தது.

இருட்டில் எலும்புகள் உருள்வதுபோல ஒரு சத்தம். நின்றது. பிறகு அந்தக் குரல், சூடுமில்லாமல் குளிருமில்லாமல்:

"பி... ஒன்பது."

எங்கோ ஒரு பையன் மெதுவாக, "அது என் டிக்கெட்," என்றான்.

"எதுக்குடா உன்னைக் கூப்பிடுது?"

"தெரியலையே."

எலும்புகள் உருண்டன. "ஜி... ஐம்பத்திரண்டு." ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். நான் பெட்டிக்குள் தானாகவே படுத்துக்கொண்டேன். முப்பது வருடம் அந்தக் குரலுக்கு அட்டையில் கட்டம் அடித்தவன் நான். எனக்கே உள்ளங்கால் சில்லிட்டது.

"ஓ... அறுபத்தாறு."

பாப்கார்ன் சிதறியது. அதன் பிறகு கெய்லின் ஸ்டூபாக் அலறினாள். இனி சைரன் பழுதானாலும் எங்கள் ஊர் ஆள் தேட வேண்டிய அவசியம் இல்லை.

பத்து நிமிடத்தில் வண்டி திரும்பியது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, "உங்களை யாருமே கூப்பிடலையே, எங்கே போறீங்க?" என்று கேட்டதாம்.

"கெய்லின் கத்திட்டா சீஃப்," என்றேன்.

ரெஜிஸ் கோரைப்பல்லைக் கழற்றினார். "நம்ம கெய்லினா? நிஜமாவா? நான் அப்ப எங்க இருந்தேன்?"

"பெட்ரோல் பங்க் முனையில."

அவர் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஓர் அலறலுக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்த மனிதர். கெய்லின் சூடான ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "இன்னொரு தடவை கத்திக் காட்டுவியாம்மா?" என்றார்.

"சும்மா எல்லாம் வராது," என்றாள். "நான் திரும்ப உள்ள போறேன். அந்தக் குரலு இன்னும் இருக்கா?"

விட்லாக் சால்வையைச் சரிசெய்தார். "பேய்களற்ற வெறுமை. நான் திட்டமிட்டது துல்லியமாக இதைத்தான்."

"சரி டாக்டர் கண்ணு, கொஞ்சம் நகருங்க. வரிசை நிக்குது," என்றார் டோலோரஸ்.

வரிசை வாகன நிறுத்தத்தைச் சுற்றி வளைந்திருந்தது. ரெஜிஸ் அங்கியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, எல்லோரையும்போல டிக்கெட் வாங்கி, கெய்லினுக்குப் பின்னால் நின்றார். டோலோரஸ் டிக்கெட்டைக் கிழிக்கையில் அதன் எண்ணை ஒரு முறை பார்த்துக்கொண்டார். நான் பெட்டிக்குத் திரும்பினேன்.

விளக்கு அணைந்தது. எலும்புகள் உருண்டன.

"ஓ... எழுபத்தொன்று."

இரண்டு அலறல் கேட்டது. பின்னால் வந்தது கெய்லினுடையது. முதலில் கத்திய குரல் கொஞ்சம் தடித்தது. கூரையிலிருந்து விழுந்தபோதுகூட அது அப்படிக் கத்தியதில்லை.