கிரகணம் இல்லாத நாளில் உலக்கை

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஏழாவது மாடி ஜெயலெட்சுமியைத் தெரியாதவர் கிடையாது. கிரகணம் என்றால் அவள் வீட்டில்தான் கூட்டம். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்துவாள். யாரும் பிடிக்காமலே அது ஜம்மென்று நிற்கும். கிரகணம் விட்டால் விழுந்துவிடுமாம். விழும்வரை யார் காத்திருந்தார்கள்? நேரம் முடிந்ததும் அவளே எடுத்துக் கதவு மூலையில் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டு நஸீஹாகூட வந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவாள்.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. ஜெயலெட்சுமிக்கு அந்த உலக்கை தனக்கு எதிரான சாட்சி. முப்பது வருடத்துக்கு முன், மசக்கையில் இருந்தபோது, ஒரு கிரகண நாளில் நாக்கை அடக்க முடியாமல் மாங்காய் வெட்டித் தின்றுவிட்டாள். மகன் தயாளன் பிளந்த உதட்டோடு பிறந்தான். இது யார் தப்பும் இல்லை, சில பிள்ளைகள் இப்படிப் பிறப்பதுண்டு என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். உதட்டைத் தைத்தும் விட்டார். ஆனாலும் உலக்கை நிற்பதைக் கண்ணால் பார்த்தவளாயிற்றே! உலக்கையையே எழுப்பி நிறுத்துகிற கிரகணத்துக்கு ஒரு பச்சைப்பிள்ளையின் உதடு எம்மாத்திரம்? அன்றோடு அந்த வீட்டுக்குள் மாங்காய் நுழைந்ததில்லை.

இப்போது மருமகள் தனுஜாவுக்கு மூன்றாம் மாதம். மாங்காய் மாங்காய் என்று ஏங்குகிறாள், பாவம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சில்லுகளின் தரம் பார்ப்பது அவள் வேலை. இந்தத் தடவை கிரகணம் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. மாமியார் லீவு போடச் சொன்னாள், போட்டாள். கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் மாமியார். அதற்கும் தனுஜா முகம் சுளிக்கவில்லை. உலக்கை நின்றது, கூட்டம் வாயைப் பிளந்தது. எல்லோரும் போன பிறகு தனுஜா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தை, எங்க ஃபேக்டரில ஒரு தடவ பார்த்தா ஒத்துக்க மாட்டாங்க. மாத்தியும் பார்க்கணும். கிரகணம் இல்லாத நாள்ல இது நிக்காதா?"

ஜெயலெட்சுமிக்குச் சுருக்கென்றது. சாமி காரியத்தில் எல்லாம் டெஸ்ட் வைக்க வேண்டாம் என்று கடுகடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். ஆனால் கேள்வி போகவில்லை. இரண்டு நாள் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. வீட்டில் யாரும் இல்லை. நஸீஹா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு உலக்கையை எடுத்தாள். முதல் தடவை சாய்ந்தது. அப்பாடா என்றிருந்தது. வழக்கம்போலப் பொறுமையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்தாள். நின்றுவிட்டது, தடிமாடு! தண்ணீரைக் கொட்டிவிட்டு வைத்தாள், நின்றது. தாம்பாளத்தையும் எடுத்துவிட்டு வெறும் தரையில் வைத்தாள், அதிலும் நின்றது.

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைத்தாள். மத்தியானம் ஆயிற்று, விழவில்லை. உலக்கைக் கதையைச் சொன்னவர்கள்தான் மாங்காய்க் கதையையும் சொன்னார்கள். இது பொய்யென்றால் அது? டாக்டர் அன்றே சொன்னாரே! முப்பது வருடமாகப் பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டது நினைவுக்கு வர, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தயாளன் கூடத்து நடுவில் நின்ற உலக்கையில் இடித்துக்கொள்ளப் பார்த்தான்.

"என்னம்மா, இன்னைக்கும் கிரகணமா?"

"இல்லடா. சும்மாதான் நிக்குது. காலையில இருந்து நிக்குது."

அவன் மீசைக்கடியில் இருந்த தழும்பை அவள் விரலால் தொட்டாள். அவனுக்கு நினைவு தெரிந்து அம்மா அதைத் தொட்டதே இல்லை.

"உன் உதடு நான் மாங்கா வெட்டுனதால இல்லடா."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்றான் தயாளன்.

அவன் சொன்னதே இல்லைதான். ஜெயலெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தனுஜா தொட்டுவிடக் கூடாதென்று இன்னும் பூட்டியே வைத்திருந்த பீரோவைத் திறந்து கத்தியை எடுத்தாள்.

"இந்நேரம் பசார் மாலாம் சந்தை போட்டிருப்பான் லா. நல்ல புளிப்பா நாலு மாங்கா வாங்கிட்டு வா. தனுஜா வர்றதுக்குள்ள நானே வெட்டி வைக்கிறேன்."