மணிமுத்து, எண்ணிக்கை ஒன்று

இலத்தூர்ப் பட்டறையில் நெல் உலர்த்தும் இயந்திரம் செய்கிறார்கள். இரண்டு மாடி உயரம். நடுவில் வெப்பக்காற்றுக் குழாய். அவ்வப்போது ஆள் உள்ளே இறங்கித் தூசியைச் சுரண்ட வேண்டும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில், மின்சாரம் கொடுக்கும் முன், ஃபிட்டர் மணிமுத்து குழாய்க்குள் இறங்கி வெளியே வருவார். அவர் வந்த பிறகுதான் வாங்கியவரிடம் சாவி.

ஜெயபிரியா டிசைன் வேலைக்குச் சேர்ந்ததும் மணிமுத்துவை நிற்கவைத்து அளந்தாள். தோள், முழங்கை, தொப்பை. எடையும் கேட்டாள். கணினியில் அதே அளவில் ஓர் உருவம் செய்து, குழாய்க்குள் இருக்கும் சின்ன உள்மேடையில் நிறுத்தினாள். மணிமுத்து என்றே பெயர் கொடுத்தாள். அவர் திரும்ப முடியாத இடத்தில் குழாயை அகலமாக்கினாள். அதன்பின் அவர் இல்லாத வரைபடம் அந்தப் பட்டறையில் இல்லை.

முன்பெல்லாம் அவள் வரைந்ததைத் தாளில் எடுத்துக் கொடுப்பாள். ஸ்டோர்ஸ் பார்க்கும் தாணு பொருட்களை எண்ணிக் கோயம்புத்தூருக்குப் போன் போடுவார். ஒரு போல்ட் விடுபட்டால் வேலை பாதியில் நிற்கும். இந்த ஆனியில் வரைபடத்தை ஸ்டோர்ஸோடும் பர்ச்சேஸோடும் இணைத்தார்கள். படத்தில் இருப்பது இனி நேரே ஆர்டராகும். தகடு வியாபாரியும் மோட்டார் கம்பெனியும் தென்காசி லாரி செட்டும் அதே இணைப்பில் சேர்ந்திருந்தார்கள். யோசனை ஜெயபிரியாவுடையது. முதலாளி பால்வண்ணநாதன் ராணுவப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

முதல் ஆர்டர் அச்சன்புதூர் விவசாயிகளுடையது. அது ஜெயபிரியாவின் ஊர். போன புரட்டாசி அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் காயப்போட்ட நெல் முளைத்தது. அவள் அம்மா பார்வதியம்மாள் அதை மாட்டுக்கு அள்ளி வைத்தாள். மாடும் பாதியில் விட்டது. இந்த அறுப்புக்கு முன் இயந்திரம் வந்து நிற்கும் என்று ஜெயபிரியா ஊரில் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குக் கோயம்புத்தூர் வியாபாரியின் இந்த மாத ஒதுக்கீட்டில் தகடு கிடைக்க வேண்டும். ஒதுக்கீடு மூடும் கடைசி நாளும் வந்துவிட்டது; மாலையோடு சரி. தவறினால் அறுப்பு முடிந்த பிறகுதான் இயந்திரம்.

அன்று காலையில் ஆர்டரை அனுப்பும் ரிலீஸ் பட்டனை அழுத்தினாள். பால்வண்ணநாதனும் தாணுவும் பின்னால் நின்றார்கள்.

திரையில் வரிகள் ஓடின. கோயம்புத்தூரில் தகடு தேடப்பட்டது. இருந்தது. மோட்டார் ஒப்புக்கொள்ளப்பட்டது. தாணுவின் அலமாரியில் இருந்த பேரிங்குகள் அங்கேயே இருந்துகொண்டே இந்த இயந்திரத்துக்குரியவை ஆயின. லாரி செட்டில் ஒரு லாரிக்குக் குறி விழுந்தது. யாரும் போனைத் தொடவில்லை. தாணு திரும்பித் தன் அலமாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் நின்றது. சிவப்பில் ஒரு வரி.

மணிமுத்து. எண்ணிக்கை ஒன்று. இருப்பு இல்லை. விற்பவர் இல்லை. செய்முறை இல்லை. தேதி தர இயலாது.

படத்தில் நின்ற உருவத்தையும் கணினி ஒரு பொருளாக எண்ணியிருந்தது. எல்லாப் பொருளுக்கும் தேதி கிடைக்கும்வரை அது எதையும் வாங்காது. அப்படித்தான் அவளே அமைக்கச் சொல்லியிருந்தாள்.

“ஒரு மணிமுத்துக்கே இங்கன டீ பத்தல,” என்றார் தாணு. “இன்னொன்னு வேற ஆர்டர் போடுதா.”

பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. பழையபடி கோயம்புத்தூருக்குப் போன் போட்டுத் தகடு சொல்லிப் பார்த்தார். ஆர்டர் இணைப்பில் வந்தால்தான் ஒதுக்கீடு என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஜெயபிரியாவுக்கு எளிய வழி தெரிந்தது. அந்த உருவத்தைக் கணக்கில் சேராதது என்று குறித்தாள். சிவப்பு போனது. உடனே வேறு ஒன்று நடந்தது. உள்மேடை தன் மேல் நிற்கும் எடைக்கு ஏற்பத் தடிமனை எடுத்துக்கொள்ளும்படி அவள் வரைந்திருந்தாள். ஆள் இல்லை என்றானதும் மேடை மெலிந்தது. மெலிந்த தகடு கோயம்புத்தூரில் தேடப்பட்டது. கிடைத்தது. கண் இமைக்கும் நேரம்.

அந்த மேடை மணிமுத்துவைத் தாங்காது. வாங்கிவிடும் முன் அவசரமாகப் பழையபடி மாற்றினாள். சிவப்பு வரி திரும்ப வந்தது. அவர் அங்கே இருந்தாக வேண்டும். ஆனால் என்னவாக?

வாங்குவது அல்ல. செய்வது அல்ல. தாணுவிடம் ஒரு செயின் பிளாக் இருந்தது. இயந்திரத்தைத் தூக்கி நிறுத்த எல்லா ஊருக்கும் போகும். வேலை முடிந்ததும் பட்டறைக்குத் திரும்பும். அதற்கென்று ஒரு வகை உண்டு. போய்த் திரும்புவது. மணிமுத்துவை அதில் சேர்த்தாள். சிவப்பு மஞ்சளானது. எந்த நாளில் தேவை என்று கேட்டது.

ஒரு நாளை அவளே போடப் போனாள். பால்வண்ணநாதன் தடுத்தார்.

“ஆளக் கேக்காம ஆளுக்கு நாள் போடாத.”

மணிமுத்து அன்று லீவு. சங்கரன்கோவிலில் இருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் குற்றாலத்தில் இருந்தார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஜெயபிரியா ஸ்கூட்டரை எடுத்தாள்.

பேரருவியில் நல்ல தண்ணீர். பாறை தெரியவில்லை. சாரல் ரோடு வரை வந்தது. ஆண்கள் வரிசையில் இருந்து மணிமுத்து துண்டோடு வெளியே வந்தார். அவளைக் கண்டதும் முகம் மாறியது.

“என்ன பிள்ள, பட்டறையில தீயா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அருவி இரைச்சலில் பாதி கையால் சொன்னாள். அவருக்குப் புரிய நேரமானது. தான் இருப்பில் இல்லை என்றது மட்டும் உடனே புரிந்தது. மைத்துனரைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார்.

“உள்ள எறங்க ஒரு நாள் சொல்லுங்க அண்ணாச்சி. அறுப்புக்கு முந்தி. சாயங்காலத்துக்குள்ள போடணும்.”

ஆவணி கடைசி வெள்ளி என்றார். ஏன் வெள்ளி என்று அவள் கேட்கவில்லை. கைபேசியில் அதே ஆர்டரைத் திறந்து, சாரல் படாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அந்த நாளைக் குறித்தாள்.

வரிகள் இந்த முறை பின்னோக்கி ஓடின.

முதலில் அச்சன்புதூர். வெள்ளிக்கிழமை அவர் குழாய்க்குள் இறங்கும் காலை. அதற்கு முன் கிரேன். அதற்கு முன் தென்காசி லாரி. பெயிண்ட் காயும் நாட்கள். வெல்டிங். தகடு வெட்டுதல். கோயம்புத்தூர்க் கிடங்கு. அதற்கும் முன்னால் அவள் பெயர் கேட்டிராத ஓர் ஊரின் உருக்காலை. கிடங்கில் எடுக்கும் தகட்டுக்கு ஈடாக, அங்கே இன்னும் உருகாத இரும்புக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டது.

ஒரு மனிதர் குனிந்து தலையை உள்ளே விடப்போகும் கணத்தில் இருந்து எல்லாம் வரிசையாகப் பின்னால் போய் நின்றன. அவள் வரைந்தது ஒரு குழாய். இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தில் வழிந்த நீரைத் துடைக்க மறந்து நின்றாள்.

ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மணிமுத்து அதை விரலால் காட்டினார்.

“இது என்ன கேக்குது?”

“நீங்க எப்ப வெளிய வருவீங்கன்னு.”

“அதையும் கேக்குதா?”

“நிரப்பாம விடாது அண்ணாச்சி.”

அதே வெள்ளி மதியம் என்று போடச் சொன்னார். போட்டாள். வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. தகடு ஒதுக்கப்பட்டது. அச்சன்புதூரில் சாவி கொடுக்கும் நாள் கீழே வந்தது. ஆவணி கடைசி வெள்ளி. புரட்டாசி பிறந்திராது. கதிர் அப்போது வயலில் நிற்கும்.

மணிமுத்து கைபேசியை வாங்கினார். வரிகளை மேலே தள்ளினார். முடியவில்லை. இன்னும் தள்ளினார். எழுத்துக் கூட்டி ஊர்ப்பெயர்களை வாசித்தார். உருக்காலை ஊர் அவர் வாயில் வரவில்லை.

“இம்புட்டுப் பேரும் எனக்காவயா காத்துக் கெடக்காவ?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் சிரிக்கவில்லை. துண்டைப் பிழிந்து, அதன் நுனியால் கைபேசியில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் கொடுத்தார்.