முன்சீட்டில் மூன்று பேர்

பழவேற்காடு பஜார் திருப்பத்தில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிப்போனது.

ஜலீல் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அந்த நீளமான பழைய அமெரிக்கக் கார் திரும்ப மறுத்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்தது. மோதிய வேகத்தில் ஸ்டியரிங் உதறித் திரும்ப, அதன் கம்பிக்குள் மாட்டிய அவரது வலது கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கியது.

பின்னாலிருந்து செசிலியா எட்டிப் பார்த்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அடுக்கிய இறால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"பாய், உசுரு இருக்கா?"

"இருக்கு. வெரலுதான் போச்சு."

பானெட்டைத் தூக்கினார். சிவப்பு எண்ணெய் தெறித்து எஞ்சினெல்லாம் நனைந்திருந்தது. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப வைக்கும் பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ், இரும்பு முனையை ஒட்டி வாய் பிளந்து கிடந்தது. வாப்பா காலத்து வண்டி. இருபது வருஷத்து ஹோஸ்.

செசிலியாவுக்கு ஹோஸ் தெரியாது. பெட்டிகளில் ஐஸ் கரைவது தெரியும். அவளுடைய குப்பமான தோணிரேவில் பிடிபடும் இறால் எல்லாம் அதுவரை வேணுவின் லாரியில், வேணுவின் ஐஸில், வேணு சொன்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எண்பத்து மூன்றாம் வருஷம்தான் அவள் தனியாக மெட்ராஸுக்குப் போய், ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியைப் பிடித்திருந்தாள். மத்தியானத்துக்குள் தலை கறுக்காமல் சரக்கு வந்தால் தினமும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு முதல் லோடு. இது கெட்டால் இரண்டாவது லோடு கிடையாது. அப்புறம் ஆயுசுக்கும் வேணுதான்.

அவன் வந்தே விட்டான். லாரியைப் பத்தடி பின்னால் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"இன்னா பாய், கப்பல் தரை தட்டிச்சா?"

ஜலீல் பக்கத்து ஒர்க் ஷாப்புக்கு ஒரு பையனை அனுப்பினார். மெக்கானிக் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மெக்கானிக் எதிர் டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஐஸும் லாரியும் வைத்திருப்பவனைப் பகைத்துக்கொள்ள அந்த பஜாரில் யாரும் தயாராக இல்லை.

"சைக்கிள் டியூப் இருக்கா பாய்?" என்றாள் செசிலியா.

டியூபை நீளநீளமாகக் கிழித்து, பிளவின்மேல் இழுத்துச் சுற்றினாள். அதன்மேல் நைலான் வலைக்கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கி நெருக்கமாக வரிந்தாள். ஜலீல் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றி ஸ்டார்ட் செய்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. செசிலியா வேணுவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜலீல் ஸ்டியரிங்கைத் தொட்டுத் திருப்பினார்.

படீர். கட்டு பிய்ந்து எண்ணெய் சூடான எஞ்சின்மேல் பாய்ந்தது. புகை பஜாரை மறைத்தது. அவர் பதறி எஞ்சினை அணைத்தார்.

"சுறாவையே நிறுத்துற முடிச்சு பாய் அது," என்றாள் செசிலியா, நம்ப முடியாமல்.

"சுறா வெளியிலேர்ந்து இழுக்கும். இது உள்ளேர்ந்து குத்துது. திருப்பத் திருப்ப ஜாஸ்தியா குத்தும்."

"குத்துறது எது?"

"பம்பு."

"அத்த நிறுத்திடேன்."

"நிறுத்தினா ஸ்டியரிங் கல்லாயிடும்மா."

"இழுக்க முடியாத கல்லா, இழுத்தா வர்ற கல்லா?"

ஜலீல் மறுபடி எஞ்சினுக்குள் குனிந்தார். பம்புக்குத் தனி பெல்ட். அதைக் கழற்றினால் பம்பு சுற்றாது, எண்ணெய் பீய்ச்சாது, தீப் பிடிக்காது. வண்டி ஓடும். திருப்புவதற்குத்தான் கை பலம் வேண்டும். இடது கையாலேயே ஸ்பேனரைப் பிடித்து பம்பின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை உருவி வண்டிக்குள் எறிந்தார். உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்தார். பாதி சுற்றுக்குள் வீங்கிய கட்டைவிரல் அவரை முனக வைத்தது.

"ஒத்தக் கையால ஆவாது. பக்கத்துல ஒரு ஆளு சேர்ந்து இழுக்கணும்."

அந்தக் காரின் முன்சீட்டு பெஞ்சு போல ஒரே நீளம். செசிலியா கூட்டத்தைப் பார்த்தாள். ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

"நான் இழுக்கறேன்," என்றாள்.

வேணு சிரித்தான். "போம்மே. பாய் தோளோட தோள் ஒரசிக்கினு மெட்ராஸ் வரைக்கும் போ. உன் ஊட்டுக்காரன் வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஜோடியா போனாங்கன்னு சொல்லட்டுமா?"

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜலீலின் முகம் இறுகியது. கதவைத் திறந்து இறங்கப்போனார்.

"வேணாம்மா. உனக்குக் கெட்ட பேரு வரும்."

"பேரு என்னுது பாய். நீ குந்து."

அவள் முன்கதவைத் திறக்கும்போது, திருப்பத்தை ஒட்டிய வீட்டின் திரை விலகியது. ஜலீலின் மனைவி மஸூதா படியிறங்கி வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அந்த பஜாரில் அவளைப் பகலில் பார்த்தவர்கள் குறைவு. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே வந்தாள்.

"மஸூதா, உள்ள போ," என்றார் ஜலீல் தணிந்த குரலில்.

"உள்ள இருந்துதான் எல்லாத்தையும் கேட்டேன். நகருங்க. தெனம் ஒலக்கை புடிக்கிற கை இது."

நடுவில் ஏறி உட்கார்ந்தாள். செசிலியா அவளுக்கு அந்தப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். மஸூதா கண்ணாடிக்கு வெளியே வேணுவைப் பார்த்தாள்.

"ஜோடி சொன்னியே, இப்ப மூணு பேரு. போய்ச் சொல்லு."

இந்த முறை டீக்கடையில் வேறு மாதிரி சிரித்தார்கள். வேணு சட்டென்று லாரிப் பக்கம் போனான். கார் நேராகப் பின்வாங்க முடியாதபடி லாரியை நெருக்கி நிறுத்தினான்.

"இழு," என்றார் ஜலீல், ரிவர்ஸ் கியரைப் போட்டு.

மஸூதா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் வளைத்தாள். டயர் மணலில் முனகியது. "விடு. திரும்பப் புடி. இழு." லாரிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே, கார் அகலம் போக ஒரு முழம்தான் இடைவெளி. மூன்றாவது இழுப்பில் செசிலியாவும் குறுக்கே கை நீட்டிப் பிடித்தாள். லாரியின் பம்பரை உரசிக்கொண்டு கார் வெளியே வந்தது.

பொன்னேரி போவதற்குள் மஸூதாவின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ரயில்வே கேட்டில் நின்றபோது செசிலியா தன் முந்தானையைக் கிழித்து அதில் சுற்றிவிட்டாள். மெட்ராஸ் நெரிசலில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜலீல் சொல்வதற்கு முன்பே இரண்டு பெண்களும் இழுத்தார்கள். பஸ் டிரைவர்கள் எட்டிப் பார்த்துத் திட்டினார்கள். மஸூதா ஒருவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஜலீல் அதைக் காதில் வாங்காதவர் போல ரோட்டையே பார்த்தார்.

ராயபுரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் அடிப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு இறாலை எடுத்துத் தலையை நசுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. இன்னொன்று, அதற்கடுத்த பெட்டியில் இன்னொன்று.

"நாளைக்கும் வருமா?"

"வரும் சார்," என்றாள். அடிப்பெட்டியை அவளே மூடினாள்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் ஒரு ஹோஸ் கிடைத்தது. பக்கத்து ஒர்க் ஷாப்பில் இரண்டு முனையையும் இறுக்கி, பெல்ட் மாட்டி, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜலீல் ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார்.

சாயங்காலம் பழவேற்காடு பஜாரில் வேணு டீக்கடை வாசலில் நின்றிருந்தான். காலிப் பெட்டிகளைப் பார்த்தான். முன்சீட்டில் அதே மூன்று பேரைப் பார்த்தான்.

"இன்னைக்குத் தப்பிச்ச பாய். ஓட்டை வண்டி அது. நாளைக்கும் அறுந்துக்கும்."

ஜலீல் வாயைத் திறப்பதற்குள் மஸூதா முந்திக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தாள்.

"அறுந்துக்கட்டும். பெல்ட்டக் கழட்டிட்டுப் போவோம். காலைல உன் லாரிய ஓரமா நிறுத்து."