மடித்த தாளும் பட்டுச் சூடும்

நோட்டுப் புத்தகக் கம்பெனியில் அவளுக்கு 'மிளகாய்' என்று பட்டப்பெயர் வைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. சோதனைக் காலமும் அதே மூன்று மாதம்தான். வெள்ளிக்கிழமைக்குள் அவள் வரைந்த அட்டைப்படம் ஒன்றாவது தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் கையில் எடுத்தது மடிப்புச் சித்திரம். தாளை நடுவில் மடித்துப் பிரித்து, ஒரு பாதியில் மையும் வண்ணமும் சொட்டி, மறுபடி மூடி அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் உருவம் விழும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விளையாட்டு. அவளுக்கு மட்டும் விழுந்ததெல்லாம் சேறு. மை ஓடிப்போய் வண்ணத்தோடு கலந்து, நீலமும் சிவப்பும் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்து சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை தலைமை ஓவியர் அந்தத் தாளை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பேனா ஒடஞ்சு போச்சா?"

அறையே சிரித்தது.

"இதுக்கெல்லாம் கண்ணு பழகணும்மா. வீட்ல யாராச்சும் இந்தத் துறையில இருக்காங்களா?"

"இருக்காங்க சார். அண்ணன். இஸ்திரித் துறை."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

பொய்யில்லை. வீட்டு முன்னறைதான் அண்ணனின் இஸ்திரிக் கடை. பத்தாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவன், தங்கையைப் பட்டம் வாங்க வைத்தான். வீட்டில் இருப்பது ஒரே மேசை. ஒரு பாதியில் ஊரார் சட்டைகள், மறுபாதியில் இவளுடைய மைப்புட்டிகள். நடுவில் சிவப்பு ஒட்டுநாடாவால் ஒரு எல்லைக்கோடு.

புதன்கிழமை காலை, ஈரத்தாளை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தால் தாளின் மேல் துணி, துணியின் மேல் இஸ்திரிப் பெட்டி.

"ஐயோ! என்னண்ணா பண்ணித் தொலச்சே?"

"ஈரமா மடிச்சுக் கெடந்துச்சு. கை தானா போயிருச்சு. கோட்டைத் தாண்டி என் பக்கம் வெச்சது நீதான்."

"அது என்ன சட்டையா? காலர் இருந்துச்சா? பொத்தான் இருந்துச்சா?"

"கத்தாதடி. பட்டுக்கு வைக்கிற சூடுதான். கருகியிருக்காது, பிரிச்சுப் பாரு."

திட்டிக்கொண்டே பிரித்தாள். சூட்டில் வண்ணம் விழுந்த இடத்திலேயே உறைந்து நின்றிருந்தது. மை மட்டும் அந்தத் திட்டுகளைச் சுற்றி மயிரிழை நரம்புகளாகக் கிளை விட்டிருந்தது. சிறகு விரித்த ஏதோ ஒன்று. பறவையா பூச்சியா, தெரியாது. உயிர் இருக்கிறது என்று மட்டும் சத்தியம் செய்யலாம்.

"நன்றின்னு ஒரு வார்த்தை இருக்கு," என்றான் அண்ணன்.

"அடி வாங்காம தப்பிச்சேல்ல? அதை நெனச்சு சந்தோஷப்படு."

ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனிக்கு விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பருத்திக்கு வைக்கிற சூட்டில் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு கிழிந்தன. பெட்டியை இழுத்துத் தேய்த்தால் மை கோடாக இழுபட்டது. தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மடிப்பில் குளம் கட்டியது. மடிப்பிலிருந்து வெளியே போனால் கிளை விரிந்தது. ஆறு எண்ணும்வரை வைத்தால் கச்சிதம், ஏழில் வண்ணம் வெடித்தது. ஐம்பத்தோராவது தாளில் சூட்சுமம் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை. தலைமை ஓவியர் அந்த முதல் தாளை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் மேலாளர்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு. ஆனா விழுந்ததுதானே? புது வரிசைக்கு ஆறு அட்டை வேணும். இன்னொண்ணு விழும்னு என்ன நிச்சயம்? அதிர்ஷ்டத்தை அச்சுக்கு அனுப்ப முடியுமா?" என்றார் ஓவியர்.

மிளகாய்க்குச் சுருக்கென்று ஏறியது. பைக்குள் கையை விட்டு, அண்ணனிடம் சொல்லாமல் தூக்கி வந்திருந்த இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் டங்கென்று வைத்தாள்.

"பிளக் எங்க சார் இருக்கு?"

சொட்டினாள். மடித்தாள். துணியைப் போட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." இரண்டாவது தாள் சிறகு விரித்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். மூன்றாவதில் அறையே சேர்ந்து எண்ணியது. நான்காவதில் மேலாளரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. ஐந்தாவதைத் தலைமை ஓவியர் தாமே பிரிக்கிறேன் என்று கேட்டு வாங்கினார். பிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஆறும் விழுந்தன. ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இதை எங்க கத்துக்கிட்டேம்மா?"

"அன்னைக்கே சொன்னேனே சார். இஸ்திரித் துறை."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆறும் அச்சுக்குப் போகட்டும். திங்கக்கிழமை வந்து நிரந்தர உத்தரவை வாங்கிக்கோம்மா."

அதற்குள் அவள் கைப்பேசி அலறியது. அண்ணன்தான். "ஏய், பொட்டி எங்கடி? நாப்பது சட்டை கெடக்கு. மூணு பேரு வாசல்ல நின்னு என்னைத் தின்னுடுவாங்க போலிருக்கு!"

"ஒரு நாள் கசங்கின சட்டையோட திரிஞ்சா யாரும் செத்துட மாட்டாங்கண்ணா. வேலை கெடச்சிருச்சு."

மறுமுனையில், வாசலில் நின்றவர்களைப் பார்த்து அவன் போட்ட கூச்சல் அந்த அறை முழுக்கக் கேட்டது:

"இன்னைக்குக் கடை லீவு! எல்லாரும் கசங்கிட்டே போங்க!"