மைதானத்துச் சனம்

செய்தி சொல்ல யோகேஸ்வரன் முதல் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தபோது, அக்கா சிவமலர் அவன் கையிலிருந்த போனைப் பறித்தாள். அவளுடைய கணவர் பத்மநாதன் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். லண்டன் நோர்பரி வீட்டுக்குத் திரும்பியவர்கள் இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"ஒருத்தருக்கும் இப்ப சொல்லாதை."

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறீங்கள்? பிறகு சனம் எங்களைத்தான் பேசும்."

"இண்டைக்கு அவற்றை கிரிக்கெட் ஃபைனல். செத்தவீடு எண்டால் அவ்வளவு சனமும் இஞ்சை வந்திடும். அங்கை மைதானத்திலை ஆர் நிக்கிறது?"

பத்மநாதன் லேசுப்பட்ட மனிதரல்ல. பந்து போடச் சம்பளம் தருவார்கள் என்று ஊரில் ஒருவரும் நம்பாத காலத்தில், வட இங்கிலாந்தில் ஒரு கழகம் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர் வேகத்துக்கு விக்கெட் குச்சிகள் பறந்தன. தோள் விட்டுப்போனதும் ஓய்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. லண்டன் தமிழ்க் கழகங்களைச் சேர்த்துச் சுற்றுப்போட்டி தொடங்கினார். முதல் வருஷம் பார்க்க வந்தது நாலு பேரும் ஒரு நாயும். மனிதர் அசரவில்லை. அடுத்த வருஷம் தமிழில் வர்ணனை, மட்டன் ரோல்ஸ், பெண்களுக்குக் கயிறிழுத்தல். என் பந்தை எல்லைக்கு அடிப்பவருக்கு முழு ஆடு என்று கடை கடையாக நோட்டீஸ். அறுபது வயதிலும் அந்த ஆட்டை அவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மைதானம் நிறைந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். அந்தப் பைத்தியத்தைத் திட்டித் தீர்த்தவள் சிவமலர். ரோல்ஸ் பொரித்ததும் அவள்தான், கூட்டத்தைப் பார்த்துப் பெருமையில் பூரித்ததும் அவள்தான்.

பத்மநாதனின் போன் அடித்தது. நிசாந்தன், ஒரு அணியின் கப்டன்.

"அன்ரி, ராத்திரி மழையிலை கிரவுண்ட் கொஞ்சம் ஈரம். தொடங்கலாமோ எண்டு அங்கிளிட்டைக் கேளுங்கோ."

"தொடங்கட்டாம்."

"எப்பிடி இருக்கிறார்?"

"நோவில்லாமல் படுத்திருக்கிறார்."

போனை வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தினாள். பக்கத்து வீடும் தமிழ் வீடு. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். அப்படி அழுவது நெஞ்சைப் பிளந்தது. யோகேஸ்வரன் ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போனது.

பொழுது சாய, நிசாந்தன் மறுபடி அழைத்தான். "அன்ரி, அங்கிளிட்டைச் சொல்லுங்கோ, கார் விட இடமில்லை! இப்பிடிச் சனம் ஒருநாளும் வந்ததில்லை!"

"ஆக்கள் இன்னும் நிக்கினமோ?"

"ஓம், கப் குடுக்கப் போறம்."

"குடுத்து முடிச்சிட்டு, எல்லாரையும் வீட்டை வரச் சொல்லு, தம்பி."

"அன்ரி... அங்கிள்..." என்றான். பிறகு ஒலிபெருக்கியும் கைதட்டலும் மட்டும் கேட்டன.

சிவமலர் வாசற்கதவைத் திறந்து வைத்தாள். யோகேஸ்வரன் சோபாவைச் சுவரோடு தள்ளினான். வருகிறவர்கள் சப்பாத்துக் கழற்ற இடம் வேண்டுமென்று, படியடியில் கிடந்த ஆஸ்பத்திரிப் பைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள்.