றெக்ஸ் பார்த்த தோணி

சுனாமியில் டச்பார்க் கரையில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோன அன்று, கணவர் றெக்ஸின் குறிப்புக் கொப்பி மட்டும் குவெண்டலினின் தையல்கடை மேசை லாச்சிக்குள் கிடந்து தப்பியது. றெக்ஸ் தப்பவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் அந்தக் கொப்பியைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு கடிதம் மடிந்து கிடந்தது.

சில விண்மீன்கள் மாதக்கணக்கில் மங்கிப் பிறகு ஒளிகூடி வரும். அவற்றுக்கென்று வெளிநாட்டுச் சங்கமொன்று வைத்திருக்கும் பட்டியல் உண்டு. அதிலுள்ள ஒன்றை, மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில், றெக்ஸ் நான்கு வருடம் பைனாகுலரால் பார்த்து முப்பத்தேழு குறிப்புகளை அந்தச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். 'அந்த விண்மீன் மாறுவதே இல்லை. உங்கள் குறிப்புகளை நீக்கிவிட்டோம்' என்று வந்த பதில்தான் அந்தக் கடிதம். அவருடைய கூட்டாளி, காத்தான்குடிக் கணக்கு மாஸ்டர் றுமைஸ், அதை வாசித்துவிட்டு, "கண்ணாஸ்பத்திரிக்குப் போ மச்சான்" என்றார். றெக்ஸ் சிரித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

குவெண்டலின் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் றுமைஸ், இந்த ஐப்பசியில் கால்சட்டை நீளம் குறைக்க வந்தபோது மடிக்கணினியையும் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, றெக்ஸ்ட கொப்பியத் தா. பட்டியல்லயும் பிழை இரிக்கி. அந்தக் காலத்துல விண்மீன்ட இடத்தச் சும்மா குத்துமதிப்பாச் சொல்லியிரிக்காங்க. பிறகு வந்தவங்க பக்கத்துல நிண்ட விண்மீனுக்குப் பேரக் குடுத்துட்டாங்க."

"அவர்ட கண்தான் பிழையெண்டு நீங்கதானே நானா சொன்னீங்க?"

"அத இன்னும் மறக்கல்லயா?"

"அவரும் மறக்கல்ல."

கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. றுமைஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னகா இது, மீனுக்குப் போற வழியா?"

"விண்மீனுகளுக்கு அவர் வெச்ச பேருகள். இந்த வரிசை கல்லடிப் பாலம். இது வெளிச்சவீடு, மாறாது. இதுதான் தோணி. வந்து வந்து போகும்."

றுமைஸ் திரையில் அதே வானத்தைக் கொண்டுவந்தார். பட்டியலின் அடையாளம் வெளிச்சவீட்டின் மேல் நின்றது. அவர் விரலை நகர்த்தித் தோணியைத் தொட்டார். தென்திசை மலையொன்றில் ஒரு கமரா யாரும் கேட்காமலே வருடக்கணக்காக எடுத்த அளவுகள், புள்ளிபுள்ளியாக விழுந்தன. ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. முந்நூற்று நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம்.

அவள் வாசித்தாள். "2003 மாசி 21. தோணி வந்திட்டு."

"வந்திரிக்கி."

"சித்திரை 30. தோணி இல்ல."

"இல்ல."

பூமி ஓடும் வட்டத்தையே விழுங்கிவிடும் அளவு பெரிது அது என்றார் றுமைஸ். அவ்வளவு பெரியது ஊதிச் சுருங்குகிறது. அதைக் காலுடைந்த கதிரையில் சாய்ந்திருந்து றெக்ஸ் சரியாகப் பார்த்திருக்கிறார். குவெண்டலின் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனாள். முப்பத்தேழும் பொருந்தின. இன்னும் ஒரு வரி இருந்தது. அது அனுப்பாதது, கடல் வருவதற்கு இரண்டு நாள் முன் எழுதியது.

"2004 மார்கழி 24. இன்னும் வரல்ல."

றுமைஸ் திரையை மெதுவாக நகர்த்தினார். தை ஒன்பதில் புள்ளி மேலேறி நின்றது. அந்தக் கிழமை அவள் அகதி முகாமில் பெயர்ப்பட்டியல்களைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு தரமும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அது தன் நாளில் வந்திருக்கிறது. அவள் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெட்டிய துணி மடியிலிருந்து நழுவி விழுந்தது.

படத்தையும் குறிப்புகளையும் அனுப்பி மூன்று கிழமையில் பதில் வந்தது. பட்டியலைத் திருத்திவிட்டார்கள். பெயர் தோணிக்குப் போனது. முப்பத்தேழு குறிப்புகளும் றெக்ஸின் பெயரில் திரும்பச் சேர்ந்தன.

"அந்தத் தை ஒன்பதையும் கொப்பில எழுதிடு" என்றார் றுமைஸ்.

"இல்ல நானா. கண்ணால காணாதத அவர் எழுதமாட்டார். இனி எப்ப வரும்?"

"மார்கழி முதல் கிழமை. மழை விட்டாத்தான்."

"பைனாகுலர் இருக்கா?"

"இரிக்கி. என்ட கண்ணுலதான் வெள்ளை படர்ந்து போச்சு."

"அப்ப கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் குவெண்டலின். "பைனாகுலர எனக்குத் தாங்க."