எலுமிச்சம்பழம் உருளும் பக்கம்

சிவசங்கர் பொறாமைப்பட்டால் வேடியப்பனின் எடை ஏறும். ஏறிய அளவு சிவசங்கரின் உடம்பில் குறையும். இது தொடங்கிய வருடம் மரவள்ளிக்கு விலை கொஞ்சம் கூடியது, கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இரண்டு பிரியாணிக் கடைகள் புதிதாக வந்தன, அதனால் எடை விஷயத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்தச் சாலையில் மூடிக்கிடந்த அரிசி ஆலையின் கொட்டகையில் தமிழ்வேந்தன் மாஸ்டர் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துவந்தார். சிவசங்கருக்குப் பதினெட்டு வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. அப்பா இல்லை. அம்மா சின்னப்பொண்ணு கரும்பு வெட்டப் போய் வளர்த்த உடம்பு அது. தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எத்தனை கிலோ இருந்தாலும் ஒரே பிரிவுதான் என்பது அப்போது இருந்த விதி. மாவட்டத்தில் அந்தப் பிரிவில் அவன்தான் முதல். மாஸ்டர் மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவனை மட்டும் ‘கண்ணு’ என்பார்.

வேடியப்பன் கல்வராயன் மலையிலிருந்து லாரிக்குக் கரும்பு ஏற்றும் வேலைக்கு இறங்கிவந்தவன். சேற்றில் புதைந்த டிராக்டர் டிரெய்லரை அவன் முதுகு கொடுத்துத் தூக்கியதை மாஸ்டர் பார்த்துவிட்டார், அன்றைக்கே கொட்டகைக்கு அழைத்துவந்தார். நூற்றிருபத்திரண்டு கிலோ. முதல் ஆட்டத்தில் சிவசங்கர் இரண்டு சுற்று முழுவதும் அவனைக் குத்தினான், நெல் மூட்டையைக் குத்துவதுபோல் இருந்தது. மூன்றாவது சுற்றில் வேடியப்பன் ஒரே ஒரு முறை இடது கையை நீட்டினான். சிவசங்கர் கண் விழித்தபோது கொட்டகையின் கூரை தெரிந்தது. அதில் அவனுக்கு வருத்தமில்லை, விழுவதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். ஆனால் மாஸ்டர் அந்தப் பக்கம் குனிந்து, “கைய பிரிச்சி காட்டு கண்ணு, வலிக்குதா?” என்று வேடியப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை எடை பார்த்தபோது சிவசங்கர் இரண்டு கிலோ குறைந்திருந்தான். வேடியப்பனுக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. மதியம் அவன் சாப்பிட்டிருக்கவே இல்லை.

பிறகு எடை நிற்காமல் நகர்ந்தது. பரோட்டாக் கடைக்காரர் கேட்காமலே வேடியப்பன் இலையில் நாலு பரோட்டா கூடுதலாகப் போட்டார், சிவசங்கருக்கு ஒரு கிலோ போனது. கொட்டகை நாய் அவன் கால்மாட்டை விட்டு எழுந்துபோய் வேடியப்பன் காலடியில் படுத்தது, அதற்கு அரைக் கிலோ. பேருந்து நிலையத்துக்கு எதிரே வைத்த ஃப்ளெக்ஸில் வேடியப்பன் ஆள் உயரத்துக்கு நின்றான், சிவசங்கரின் முகம் அவன் முழங்காலுக்குக் கீழே பாஸ்போர்ட் போட்டோ அளவில் இருந்தது. அந்த ஃப்ளெக்ஸ் கிழிக்கப்படும்வரை சிவசங்கர் தினமும் அந்த வழியாகவே போனான். வேறு தெரு இருந்தும் போனான். சின்னப்பொண்ணு அவன் கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

சங்கராபுரத்தில் நடந்த மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கக் கூட்டத்தில் சிவசங்கர் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். “கீழ மூணு கிலோ, நாலு கிலோவுக்கு ஒரு பிரிவு வச்சிகிறீங்க. மேல மட்டும் கதவ தொறந்து வுட்டா இன்னா ஞாயம்? தொண்ணூத்தஞ்சி கிலோக்காரன் நூத்தி முப்பது கிலோக்காரன்கிட்ட அடி வாங்கியே சாவணுமா? நூத்தி இருவதுக்கு மேல தனியா பிரிச்சி வுடுங்க.” செயலாளர் இருசப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். “டேய், நீயே இப்ப எம்பத்தாறு கிலோ. அந்தப் பிரிவுலயே நீ இல்ல. உனுக்கு இன்னாடா வந்துச்சி?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேட்டது நியாயம். கேட்டவன் பொறாமையில் கேட்டான். இரண்டையும் தனித்தனியாக எடை போடச் சங்கத்திடம் தராசு இல்லாததால், மேசையைத் தட்டித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் போண்டா சாப்பிடப் போனார்கள்.

புதிய பிரிவில் மாவட்டம் முழுக்க வேடியப்பன் ஒருவன்தான் இருந்தான். போட்டி நாளில் அவன் கையுறை மாட்டிக்கொண்டு மேடை ஏறினான், மணி அடித்தது, எதிர் மூலையில் யாரும் இல்லை, நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார், கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை சிவசங்கரின் பழைய கோப்பைகளைவிட உயரம். ஒரு அடிகூட வாங்காமல் வாங்கிய கோப்பை. சிவசங்கர் அன்று தைத்த கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மாஸ்டர் அவனைக் குறைந்த எடைப் பிரிவுகளில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அவன் ஐம்பத்தொரு கிலோப் பிரிவில், எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்த பொடியன்களோடு ஆடினான். அவன் எலும்புகள் பழைய அளவிலேயே இருந்தன. அவற்றுக்குள் எடைதான் இல்லை. ஆடிக் காற்று தொடங்கியதும் சின்னப்பொண்ணு அவனை மாடிக்குத் துணி காயப்போட அனுப்புவதை நிறுத்தினாள். தூங்கும்போது அவன் வயிற்றின் மேல் ஆட்டுக்கல் குழவியை வைத்தாள்.

“யம்மா, பயமா கீதுமா,” என்றான் ஒருநாள். “காலு தரையில பட்டா மாதிரியே இல்ல.”

“எவனோ எம்புள்ள மேல கண்ணு வச்சிட்டான்,” என்றாள் சின்னப்பொண்ணு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீட்டில் யாருக்கும் இருமல் வரவில்லை. மிளகாய் கமறவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. யார் கண் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. மறுநாள் முந்தானையில் மிளகாய், உப்பு, ஒரு எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள்.

வேடியப்பனுக்கு அப்போது நூற்று எழுபது கிலோ. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்கிறது என்று ஓட்டுநர்கள் அவனை ஏற்றாததால் மலையிலேயே தங்கிவிட்டான். மழைத்தண்ணீர் ஓடைக்குப் போகாமல் அவன் வாசலுக்கு வந்தது, கோழிக்குஞ்சுகள் மேயும்போது தம்மை அறியாமல் அவன் பக்கம் சரிந்துவந்தன. வேறு தொல்லை இல்லை. சின்னப்பொண்ணு உள்ளே போய் உட்கார்ந்து முந்தானையை அவிழ்த்தாள். எலுமிச்சம்பழம் தரையில் விழுந்து நேராக அவனை நோக்கி உருண்டது. அவன் அதை எடுத்துக் கொடுத்தான், அவள் கீழே வைத்தாள், அது மறுபடி உருண்டது.

“ஏம்பா, எம்புள்ள மேல கண்ணு வச்சிட்டியே, உனுக்கு இன்னா கொற?”

“நானாம்மா? எனக்கு எதுக்கு அவுரு மேல கண்ணு? எனக்குத்தான் ஏறிக்கினே போவுது. தண்ணி குடிச்சாலும் ஏறுது, குடிக்காட்டியும் ஏறுது.”

அவள் நம்பவில்லை. அவனை உட்காரவைத்து மூன்று சுற்று சுற்றி மிளகாயை அவன் அடுப்பிலேயே போட்டாள். பக்கத்தில் தூளியில் கிடந்த அவன் அக்கா குழந்தைகூடத் தும்மவில்லை. சின்னப்பொண்ணு அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவன் மேலும் கண் இருக்கிறது. இவன்மேல் கண் வைக்க இந்த மாவட்டத்தில் யாருக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் என்று யோசித்தாள். தைத்துத் தைத்துப் பிடித்த கால்சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. “எங்கூட்டுக் கண்ணுதாம்பா,” என்றாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அவன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அவள் அவனிடமே குறை சொல்லி அழுதாள். “எப்பிடி இருந்த புள்ள தெரியுமா? போன வாரம் ஒரு பொடிப்பய அடிச்சி ஒதடு கிழிஞ்சி வந்தான்.”

வேடியப்பன் நிமிர்ந்தான். “ஒதடு கிழிஞ்சிச்சா?”

“மூணு ரவுண்டும் ஆடிட்டுதான் வந்தான். மூஞ்சி வீங்கி, சட்டையெல்லாம் ரத்தம்.”

“மூணு ரவுண்டுமா? எதிர்ல ஆளு நின்னுச்சா?”

“நிக்காம? அடிச்சவனே வூடு வரிக்கும் கொண்டாந்து வுட்டுட்டு, சோறு துன்னுட்டுப் போனான்.”

மணி அடித்தபின் எதிர் மூலையில் யாரும் இல்லாத மேடையில் வேடியப்பன் மூன்று கோப்பை வாங்கியிருந்தான். உறைகளில் ஒரு கறைகூட இல்லை. அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை அவன் நினைத்துப் பார்த்தான். சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அவனை நோக்கி உருண்டுகொண்டிருந்த எலுமிச்சம்பழம் பாதி வழியில் நின்றிருந்தது. பிறகு அது மெல்லத் திரும்பி, கள்ளக்குறிச்சி இருக்கும் திசையில் ஒரு முழம் உருண்டது. அவள் அதை எடுத்து முடிந்துகொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்தபோது கயிற்றுக் கட்டிலின் கயிறு அறுந்து, சிவசங்கர் தரையில் உட்கார்ந்து பழைய சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். “யம்மா, பசிக்குதுமா,” என்றான்.

அதற்குப் பின் எடை இரண்டு பக்கமும் போய்வரத் தொடங்கியது. வேடியப்பன் பஸ்ஸில் ஏறும் அளவுக்கு இளைத்துக் கீழே வந்தான், தங்க இடமில்லாமல் சின்னப்பொண்ணு வீட்டிலேயே தங்கினான். ஒரு வருடம் சிவசங்கர் நூற்று முப்பதைத் தொட்டு, தான் கேட்டு வாங்கிய பிரிவில் தானே தனியாக நின்றான். மணி அடித்தது, கையைத் தூக்கினார்கள், அடுத்த மேடையில் வேடியப்பன் மூக்கில் ரத்தம் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். கோப்பை கைக்கு வருவதற்குள் சிவசங்கருக்கு நாலு கிலோ போய்விட்டது. கொட்டகைத் தராசு உடைந்துபோனதால் இருவரையும் கரும்பு எடைமேடைக்கு அழைத்துப்போனார்கள். மேடைக்காரர் அறிவுச்செல்வன் ஒன்றாக ஏற்றினார், இருநூற்றிருபது காட்டியது. எந்த மாதம் ஏற்றினாலும் அதே இருநூற்றிருபதுதான். “கரும்புன்னா தோகைக்குக் கழிக்கலாம். இதுல இன்னாத்தக் கழிக்கிறது?” என்று அவர் மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் இப்போது இரண்டு பேரையுமே கண்ணு என்கிறார், கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பி ஒருவரையொருவர் முறைக்கிறார்கள்.

தனிப் பிரிவு இன்னும் விதியில் இருக்கிறது. எவன் மேலே போனாலும் அங்கே ஆள் இல்லை என்பதால், இருவரும் ஆட ஆசைப்படுவது ஒருவனோடு ஒருவன்தான். அதற்கு இருவரும் ஒரே எடைக்கு வர வேண்டும், அதாவது ஒரே அளவு பொறாமைப்பட வேண்டும். சின்னப்பொண்ணு தினமும் சோறு போடும் முன் இருவருக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறாள். அது எவன் பக்கம் உருளுகிறதோ அவனுக்கு ஒரு கரண்டி குறைத்து, மற்றவனுக்கு ஒரு கரண்டி கூட்டிப் போடுகிறாள். குறைந்தவன் கூடியவன் தட்டைப் பார்க்கிறான். என்றைக்காவது பழம் வைத்த இடத்திலேயே நிற்கும். அன்று இருவருக்கும் சமமாகப் போட்டுவிட்டு, சங்கராபுரத்துக்குப் போன் செய்கிறாள். இருசப்பன் பந்தல்காரருக்குச் சொல்கிறார், மைக் செட்டுக்குச் சொல்கிறார். மாவட்டப் போட்டியின் தேதி இப்போது அப்படித்தான் முடிவாகிறது. இந்த வருடம் சின்னப்பொண்ணு இன்னும் போன் செய்யவில்லை.